குடிலுக்குக் கலைமான் காவல்

அமெரிக்க அரசாங்கத்துக்கு மதம் கிடையாது. அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் ஆரம்பிப்பதே அப்படித்தான். டிசம்பர் வந்தால்தான் சிக்கல்.

ரோட் ஐலண்டில் பாட்டக்கெட் என்றோர் ஊர். நகராட்சி 1973இல் 1,365 டாலர் கொடுத்து ஒரு கிறிஸ்துமஸ் குடில் வாங்கி, வருஷா வருஷம் கடைவீதிப் பூங்காவில் வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் குடில் தப்பித்தது. காப்பாற்றியது மாதாவோ சூசையப்பரோ அல்ல. பக்கத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுத்துக்கொண்டிருந்த கலைமான்கள், ஒரு கோமாளி, ஒரு யானை, ஒரு கரடி பொம்மை. இந்தத் திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதால் குழந்தை இயேசுவால் அரசியல் சாசனத்துக்குப் பெரிய ஆபத்தில்லை என்று விட்டுவிட்டார்கள். ‘கலைமான் விதி’ என்று இதற்குக் கிண்டலாகப் பெயரே விழுந்துவிட்டது.

1989இல் பிட்ஸ்பர்க்கின் முறை. மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் பெரிய மாடிப்படியில் குடில். சுற்றிலும் பூச்செடிகள், மேலே பதாகை பிடித்த தேவதூதன். யானை இல்லை, கோமாளி இல்லை. செல்லாது! அதே வழக்கில், இன்னொரு அரசுக் கட்டடத்தின் வாசலில் நின்ற 18 அடி யூத விளக்குக்கு மட்டும் அனுமதி. அதற்குத் துணையாக 45 அடி கிறிஸ்துமஸ் மரம் இருந்ததே.

இத்தனையும் நுணுக்கமாக அளந்து சொன்ன உச்ச நீதிமன்றத்தில், ஒவ்வோர் அமர்வும் ‘கடவுள் இந்த நீதிமன்றத்தைக் காப்பாராக’ என்ற கூவலோடுதான் தொடங்குகிறது. பக்கத்தில் பொம்மை எதுவும் வைக்காமலேயே.