சொக்கர் தங்கிய ஹோட்டல்

டவுன்ஹால் ரோட்டுப் பழம்பொருள் நண்பர் ஒரு போட்டோ கார்டை நீட்டினார். “நாயக்கர் காலத்து ஹோட்டல்ண்ணே. எட்டாயிரம்.”

படத்தில் இருந்தது நம்ம மதுரைப் புதுமண்டபம். கீழே, வெள்ளைக்காரர் வழக்கப்படி, ‘திருமல் நாயக் சௌல்ட்ரி’. சௌல்ட்ரி என்றால் சத்திரம், சத்திரம் என்றால் ஹோட்டல். மறுக்க முடியுமா?

17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய இந்த ஹோட்டலில் வாடிக்கையாளர் இரண்டே பேர்: மீனாட்சி, சொக்கர். அதுவும் வைகாசி வசந்த உற்சவத்துக்கு மட்டும். வெயிலுக்கு இதமாகச் சுற்றிலும் தண்ணீர் கட்ட வாய்க்கால். அந்தக் காலத்து ஏசி ரூம்தான்!

மதிப்பீடு தொடங்கியது. லென்ஸில் பார்த்தால் அசல் போட்டோவில் சாயல் வழவழவென்று படர்ந்திருக்கும். அச்சடித்தது என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். தெரிந்தது.

“பழசானா புள்ளி விழும்ண்ணே, வாழைப்பழம் மாதிரி.” விலை பத்தாயிரமானது. மூலை கிழிசலுக்குத் தனியாக ஐந்நூறு.

திருப்பினேன். 1879இல் கால் அணாவுக்குக் கார்டு விற்ற தபால் இலாகா இந்த விலையைப் பார்க்காமல் போனதே! பின்பக்கம் மங்கிய மசியில் தமிழ்: “மதுரை வந்து சேர்ந்தேன். தங்க இடம் கிடைக்கவில்லை. ஸ்டேஷனிலேயே படுத்துக்கொண்டேன்.”

நண்பர் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா, அன்னைக்கே ஹவுஸ்ஃபுல்! பன்னிரண்டாயிரம்ண்ணே.”