ராஜாவுக்கு எந்த சைஸ்?

எங்கள் வீட்டு மெத்தைக்கு வயது இருபத்திரண்டு. நடுவில் ஒரு பள்ளம். ராத்திரி யார் எந்த ஓரத்தில் படுத்தாலும், விடியும்போது நானும் என் மனைவியும் அந்தப் பள்ளத்தில் சந்தித்துக்கொள்வோம். இதைத் தாம்பத்திய ஒற்றுமை என்று நான் சொல்லி வந்தேன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ பெயர் சொன்னார்.

"இந்த ஞாயித்துக்கிழமை மெத்தை வாங்கியாகணும்" என்றாள் மனைவி.

மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்குப் போனோம். கடைக்காரப் பையன் இலவம் பஞ்சு, தென்னை நார், ஸ்பிரிங், ஃபோம் என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காட்டினான். கடைசியில் மெமரி ஃபோம் என்று ஒன்று. நாம் படுத்த வடிவத்தை அது ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். எங்கள் பழைய மெத்தையும் இருபத்திரண்டு வருஷமாக அதைத்தானே செய்கிறது என்று கேட்டேன். பையன் சிரிக்கவில்லை.

முப்பத்து நாலு வருஷம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு குண்டூசி வாங்கியதில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பிவிட்டேன். மெத்தைக்கு டெண்டர் விடும் ஒரே மனிதன் நான்தான் என்று பாண்டி பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள் மனைவி.

சாயங்காலம் பேத்தியை மெரினாவுக்குக் கூட்டிப் போனேன். கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஒரு குதிரை, பெயர் ராஜா. ஒரு சுற்று ஏறி இறங்கியவள் ராஜாவின் மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, இது எதுல படுத்துக்கும்?"

குதிரைக்காரரைப் பார்த்தேன். அவர் அடுத்த சவாரிக்காக இன்னொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் தாமாகவே பேச்சுக்கு வந்தார்.

"என்னைக் கேளுங்க சார். முப்பது வருசம் கிண்டில நான் சைஸ்."

காலையிலிருந்து அதே வார்த்தையைக் கேட்ட காதல்லவா? "கிங் சைஸா, குயின் சைஸா?" என்று கேட்டுவிட்டேன்.

பெரியவர் சுண்டலை நிறுத்தினார். ரேஸ் லாயத்தில் குதிரையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு சைஸ் என்று பெயராம். குளிப்பாட்டுவது, தேய்ப்பது, கொள்ளு வைப்பது, படுக்கை போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. படுக்கை என்றதும் எனக்குள் இருந்த குமாஸ்தா விழித்துக்கொண்டான். "என்ன போடுவீங்க? எவ்வளவு ஆகும்?"

"எதைப் போடறீங்கன்றதைப் பொறுத்து சார்."

அன்று ராத்திரி மெத்தைக் கணக்கு எழுத எடுத்த நோட்டில் குதிரைக் கணக்கு ஏறிவிட்டது. ஒரு குதிரை தாராளமாக இருக்கப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடிக் கொட்டில் வேண்டும். 144 சதுர அடி. தி. நகரில் இதை ஒன் பெட்ரூம் என்று விளம்பரம் செய்து வாடகைக்கு விடுவார்கள். அரையடி உயரத்துக்குப் படுக்கை போட்டால் 72 கன அடி, ஏறத்தாழ 2,000 லிட்டர். இந்த 2,000 லிட்டரை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் கேள்வி.

முதல் கொட்டேஷன் வைக்கோல். எனக்குச் சொன்ன விலை கட்டு 200 ரூபாய். முதல் நாள் நாலு கட்டு, அப்புறம் தினம் அரைக் கட்டு என்று வைத்தால் முதல் மாசம் 3,700 ரூபாய். மறுநாள் சாயங்காலம் கடற்கரையில் பெரியவரிடம் நோட்டைக் காட்டினேன். "நல்லதுதான் சார். ஆனா குதிரை படுக்கையைத் தின்னும்" என்றார். பசிக்கோ, பொழுதுபோகாமலோ, அதிகம் தின்றுவிட்டால் குடல் அடைத்து வயிற்று வலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது போனதுதான். டாக்டர் வந்தால் அந்த மாசம் வைக்கோல் கணக்கு தங்கக் கணக்கு.

இரண்டாவது மரத்தூள். மூட்டை 80 ரூபாய் என்றார்கள். முப்பது மூட்டை போட்டால் 2,400. நோட்டில் அடிக்கோடு போட்டேன். பெரியவர் மூக்கைப் பிடித்துக் காட்டினார். பொடித் தூள் மூச்சில் ஏறி இருமல் வரும். இழைப்புளியில் சுருள் சுருளாக விழுமே, அதுதான் நல்ல படுக்கை. இப்போது மயிலாப்பூரில் எந்தத் தச்சர் இழைக்கிறார்? எல்லாரும் பிளைவுட்டை மெஷினில் அறுக்கிறார்கள். தூளோடு பசையும் சேர்ந்தல்லவா வருகிறது! மரம் எதுவென்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கருப்பு வால்நட் மரச் சீவலில் நின்ற குதிரைகளுக்கு ஒரே நாளில் குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமல் போயிருக்கிறது. தின்னக்கூட வேண்டாம், மேலே நின்றாலே போதும்.

மூன்றாவதைத் தேடி 29சி பஸ் பிடித்து அடையாறு போனேன். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி மந்தைவெளி தாண்டுவதற்குள் கண் சொக்கிவிட்டது. குதிரை நின்றபடியே தூங்குமாம். கால் மூட்டை எலும்போடும் நாரோடும் பூட்டிக்கொள்ளும் ஓர் அமைப்பு அதற்கு உண்டு. தசைக்கு வேலை இல்லை. சென்னை பஸ்ஸில் முப்பது வருஷம் ஆபீஸ் போனவனுக்கும் அந்த அமைப்பு தானாக வந்துவிடுகிறது. என்னோடு அன்றைக்கு ஏழெட்டுக் குதிரைகள் பயணம் செய்தன.

மாடித் தோட்டக் கடையில் தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோ பீட், ஐந்து கிலோ கட்டி 200 ரூபாய். நனைத்து உதிர்த்தால் 70 லிட்டர் வரும். ராஜாவுக்கு 29 கட்டி, 5,800 ரூபாய். தன் எடையைப் போல் ஏழெட்டு மடங்கு ஈரத்தை உறிஞ்சும், வாடை அடங்கும், குதிரையும் தின்னாது. "எத்தனை தொட்டி சார் வெச்சிருக்கீங்க?" என்று கடைக்காரர் ஆவலாகக் கேட்டார். "தொட்டி இல்லீங்க. தூங்குறதுக்கு" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. நனைத்து உதிர்த்ததைக் காயவைத்துப் போட வேண்டும் என்பது பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது. 2,000 லிட்டரைக் காயவைக்க எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி வேண்டும். செயலாளர் வடகம் காயவைக்கவே அனுமதிப்பதில்லை.

நான்காவது பழைய பேப்பர். கிழித்துப் போட்டால் நன்றாக உறிஞ்சும், தூசி குறைவு. நாற்பது கிலோ பரணில் இருக்கிறது, செலவே இல்லை என்று உற்சாகமாகச் சொன்னேன். "கிலோ 12 ரூபாய், 480 ரூபாய் அது. என் காசு" என்றாள் மனைவி. பேப்பர்காசு வீட்டுக்காரிக்கு என்பது எந்தச் சட்டத்திலும் எழுதாத சட்டம். தவிர, ராஜா வெள்ளைக் குதிரை. மை ஒட்டும். மறுநாள் சவாரி வரும் குழந்தைகள் அதன் விலாவில் தலையங்கம் படிப்பார்கள்.

ஐந்தாவது ரப்பர் பாய். சதுர அடி நூறு என்றாலும் 14,400. ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும், மேலே கொஞ்சமாகத் தூள் போட்டால் போதும். ஆறாவது மெரினா மணல். இதற்குக் கொட்டேஷனே வேண்டாம் என்று நினைத்தேன். மணலில் தீனியைக் கொட்டினால் தீனியோடு மணலும் உள்ளே போய் வயிற்றில் மூட்டை கட்டும் என்று அதையும் அடித்துவிட்டார் பெரியவர்.

"அப்ப எதுதான் மலிவு?" என்று கேட்டேன்.

"போடறதுல என்னா சார் கணக்கு? அள்றதுல இருக்குது கணக்கு."

ஒரு குதிரை ஒரு நாளைக்கு லத்தியும் மூத்திரமுமாக 20 கிலோவுக்குக் குறையாமல் தரும். மாசம் 600 கிலோ. நனைந்த படுக்கை தனி. அள்ளாமல் விட்டால் மூத்திரம் அம்மோனியாவாகக் கிளம்பிக் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும், ஈரத்தில் நின்று குளம்பு அழுகும். ஆகவே தினமும் ஓர் ஆள் அள்ள வேண்டும். அள்ளியதை யார் வாங்குவார்கள் என்பதில்தான் விலை தலைகீழாகிறது. வைக்கோலோடு கலந்த லத்தி நல்ல எரு. செடி வளர்க்கிறவர்கள் கேட்டு வாங்குவார்கள், பட்டன் காளான் வளர்ப்பதற்கே பரம்பரையாக அதுதான். மரத்தூள் கலந்தது மக்க நாளாகும். மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே தின்றுவிடும். அதைக் கொட்டுவதற்கு நாம்தான் வண்டி வாடகை தர வேண்டும். என் நோட்டில் முதலிடம் பிடித்த 2,400 ரூபாய் மரத்தூள் அந்த நிமிஷமே கடைசி இடத்துக்குப் போனது.

போடும்போது மலிவு, அள்ளும்போது அடி என்பதற்குப் பெரியவர் வேலை பார்த்த இடத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. கிண்டியில் 1777-லேயே பந்தயம் தொடங்கிவிட்டது. 1945-ல் 160 ஏக்கரை ரேஸ் கிளப்புக்கு 99 வருஷக் குத்தகைக்கு அரசு கொடுத்தபோது வருஷ வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். இன்றைய விலையில் மூன்று கட்டு வைக்கோல். இடையில் அரசு பந்தயத்தையே தடை செய்தது. அதன் நினைவாக நிற்பதுதான் ஜெமினி மேம்பாலத்தடியில் ஆள் இழுத்துப் பிடித்திருக்கும் குதிரை. 1996-ல் உச்ச நீதிமன்றம் பந்தயம் திறமை விளையாட்டுதான் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தக் குதிரையை யாரும் அவிழ்த்துவிடவில்லை. படுக்கைச் செலவே வைக்காத குதிரை அது. 2023-ல் உயர் நீதிமன்றம் வாடகை பாக்கி 730 கோடி ரூபாய்ச் சொச்சத்தைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்கு சீல் வைத்தது.

போடும் கணக்கை மட்டும் பார்க்கும் தப்பை நாம் இன்று நேற்று செய்யவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தார். எங்கள் மயிலாப்பூரில் இருக்கும் புனித தோமையார் கல்லறையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பாண்டிய அரசர்கள் வருஷம் 2,000 குதிரைக்கு மேல் பொன்னைக் கொட்டிக் கடல் வழியே வரவழைத்தார்களாம். வருஷக் கடைசியில் நூறு மிஞ்சாதாம். பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை, லாடம் அடிக்கவும் ஆள் இல்லை என்கிறார். வாங்கக் கருவூலம், வளர்க்க ஆளில்லை. அந்தப் பாண்டிய நாட்டில்தான் நரி பரியான கதையும் நடந்தது. குதிரை வாங்க மன்னன் கொடுத்த பணத்தை அமைச்சர் மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவன் நரிகளையே குதிரையாக்கி ஓட்டி வந்தார். ராத்திரி அவை மறுபடி நரியாகி லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. பக்தர்கள் இதில் லீலையைப் பார்ப்பார்கள். எனக்கு, இருப்புப் பதிவேட்டில் அதை எப்படிக் காட்டியிருப்பார்கள் என்ற கவலை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடற்கரை. இந்தத் தடவை ராஜாவின் சொந்தக்காரர் சும்மா இருந்தார். நோட்டைப் பிரித்து ஆறு கொட்டேஷனையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நம்ம கொட்டாய்ல கோணியை விரிச்சு மேல வைக்கோல் சார். காலைல சம்சாரம் அள்ளிப் போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவும்."

"அதுக்கு எவ்வளவு?"

"எதுக்கு?"

"அள்றதுக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வூட்டு வேலைக்கு யாரு சார் காசு குடுப்பாங்க?"

பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டைப் பார்த்தேன். ஆறு வரிசை, நாலு பத்தி, அடிக்கோடு எல்லாம் சரி. கூலி என்று ஒரு பத்தியே போடவில்லை.

பேத்தி விடவில்லை. "ராஜா படுத்துக்குமா, படுத்துக்காதா?"

"படுக்கும் பாப்பா. ராத்திரில கொஞ்ச நேரம்" என்றார் பெரியவர். "புது எடத்துல போட்டா எவ்ளோ நல்ல படுக்கையா இருந்தாலும் படுக்காது. பயமில்லன்னு தெரிஞ்சாத்தான் கால மடக்கும்."

வீட்டுக்கு வந்தால், கூடத்தில் ஒரு புதுக் கோரைப்பாய். நான் குதிரைக்கு டெண்டர் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி மாட வீதிக்கு நடந்து போய் வாங்கி வந்திருக்கிறாள். ஒரே கடை, ஒரே விலை, பேரம்கூடப் பேசவில்லையாம். பழைய மெத்தையை எடுத்துப்போகப் பழைய சாமான்காரரைக் கூப்பிட்டாள். அவர் விரலால் குத்திப் பார்த்துவிட்டு, "இதுக்கு நீங்கதாம்மா காசு தரணும்" என்றார்.

மூன்றாம் மாடியிலிருந்து இறக்க வேண்டும். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவள். கனமென்றால் அப்படிக் கனம். மாசத்துக்கு ஒரு தரம் இதை மொட்டை மாடிக்கு இழுத்துப் போய் வெயிலில் போட்டுத் தட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து போட்டது யார் என்ற கேள்வி இரண்டாம் மாடித் திருப்பத்தில் எனக்கு முதன்முறையாகத் தோன்றியது. இருபத்திரண்டு வருஷம், பெருக்கினால் 264 தரம்.

ராத்திரி மனைவி பாயில் படுத்தவுடன் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜன்னலோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் படுக்கலையா?" என்றாள் பாதித் தூக்கத்தில்.

"இல்ல. நின்னுக்கிட்டிருக்கேன்."

"கணக்கா?"

"ஆமாம். கூலிப் பத்தி விட்டுப்போச்சு."

"பாக்கியைக் காலைல பாத்துக்கலாம், படுங்க" என்று பாயில் தள்ளி இடம்விட்டாள். மூட்டைத் திறந்து காலை மடக்கினேன்.