எட்டாவது வள்ளல்

கடையெழு வள்ளல்களில் ஒருவன் எங்கள் ஊர்க்காரன். தாமிரபரணி பிறக்கிற பொதியமலைக்கு உடையவன், ஆய் அண்டிரன். பாடி வந்தவர்களுக்கு யானை யானையாகக் கொடுத்தான் என்று புலவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆகியோரின் வரிசையில் நிற்பவன். முன்பின் பாராமல் கொடுக்கிற அந்தக் குணத்துக்குக் கொடைமடம் என்று பெயர். அது அவர்களோடு முடிந்துபோயிற்று என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியொன்றும் முடிந்துவிடவில்லை. டெல்லியில் வெளியுறவு அமைச்சகம் என்ற பெயரில் எட்டாவது வள்ளல் ஒருவர் இருக்கிறார். முந்தைய ஏழு பேரும் தங்கள் கையில் இருந்ததை மட்டுமே கொடுத்தார்கள். எட்டாமவருக்கு அந்தக் குறுகிய புத்தி கிடையாது. தெற்கே இருப்பவர்களின் கையில் இருப்பதையும் எடுத்துக் கொடுப்பார். இவருடைய புகழ் இலங்கையில் எப்படிக் கொடிகட்டிப் பறக்கிறது என்பதைப் பாடுவது, கரைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுடைய கடமை.

முதல் பெருங்கொடை 1964இல். திருநெல்வேலி, ராமநாதபுரம், திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கங்காணிகள் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போன சனத்தை, இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் இலங்கையின் மக்களே என்ற நிலையை நேரு தாம் இருந்தவரை விட்டுக்கொடுக்கவில்லை. நட்பின் அருமை அவருக்குத் தெரியவில்லை போலும். 1962இல் சீனாவிடம் அடிவாங்கிய பிறகு, அக்கம்பக்கத்தில் நாலு பேர் நம்மை நல்லவன் என்று சொன்னால் தேவலை என்றாகிவிட்டது. அந்த டிசம்பரில்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டிவைத்துச் சமரசம் பேசிப் பார்த்தார். நேரு மறைந்தார், சாஸ்திரி வந்தார், வந்து ஐந்து மாதம் நிறையுமுன், அக்டோபர் 30ஆம் தேதி, ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். டெல்லி அளந்துதான் போட்டது. மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துவைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1974இல், அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உரியவர்களிடம் கேட்டீர்களா என்று சிலர் குற்றம் சொல்வதுண்டு. கொழுந்து பறிக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கருத்துக் கேட்டால் அன்றைய கூலி போய்விடாதா? அந்தக் கரிசனத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான்கூட எதிர்ப்புச் சொன்னார். எந்தப் பந்தியிலும் உப்புக் குறைவு என்று சொல்ல ஒருவர் இருக்கத்தான் செய்வார்.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கையில் ஒரு அட்டையோடு அவர்கள் நூற்பாலைகளுக்கும் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இருந்தவரை அவர்களுக்கு ‘இந்தியத் தமிழர்’ என்று பெயர். இங்கே வந்ததும் ‘சிலோன்காரங்க’. எந்தப் பக்கம் போனாலும் வெளிநாட்டுக்காரருக்குரிய மரியாதை கிடைக்கும்படி ஏற்பாடு செய்த ராஜதந்திரம் உலகில் வேறெங்கும் உண்டா, தெரியவில்லை.

சரி, இவ்வளவு கொடுத்ததற்கு நாட்டுக்குக் கிடைத்த பெயர் என்ன? ஒப்பந்தம் போட்ட சில வருஷங்களிலேயே ரோகண விஜேவீரவின் கட்சியான ஜே.வி.பி., சிங்கள இளைஞர்களுக்கு ஐந்து வகுப்புகள் நடத்தத் தொடங்கியது. அதில் ஒன்று முழுக்க இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றி. மலையகத் தொழிலாளர்கள் அந்த விஸ்தரிப்பின் கையாட்கள் என்பது அந்த வகுப்பின் பாடம். பிற நாடுகள் ஆளை அனுப்பி ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் எடுக்கும். ஐந்தே கால் லட்சம் பேரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தே அந்தப் பெயரை எடுத்தது இந்தியா. இதற்குத் தனித் திறமை வேண்டும்.

அடுத்தது கச்சத்தீவு. 1971 ஏப்ரலில் இதே ஜே.வி.பி. கிளர்ச்சி செய்தபோது, சிறிமாவோவின் அரசைக் காப்பாற்ற இந்தியா ஹெலிகாப்டர்களை அனுப்பியது. அதே வருஷம், கிழக்கு வங்காளத்துக்குப் போன பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. தீங்கு செய்தவர் வெட்கப்படும்படி நன்மை செய்துவிடச் சொன்ன வள்ளுவரை அரசுக் கொள்கையாகவே கடைப்பிடித்த அமைச்சகம் இது ஒன்றுதான். மூன்றே வருஷத்தில், 1974 ஜூனில், 285 ஏக்கர் தீவு கொழும்புக்குப் போனது. கொழும்பு வெட்கப்பட்டதாகத் தகவல் இல்லை. முதல் ஒப்பந்தத்தில் நம் மீனவர்கள் தீவுக்குப் போய்வரலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்து வள்ளலுக்கே கூச்சமாகியிருக்க வேண்டும். 1976 கடிதங்களில் மீன்பிடிப்பையும் சேர்த்துக் கொடுத்து முடித்தார். எங்கள் பக்கத்து இழுவைமடிப் படகுகள் யாழ்ப்பாணத்து மீனவரின் வலைகளை அறுத்துக்கொண்டு போவதும், அந்தப் பக்கத்துக் கடற்படை எங்கள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவதும் இன்றைக்கும் நடக்கின்றன. இரு கரையிலும் நஷ்டப்படுகிறவன் தமிழ் பேசுகிறவன் என்பதால், எந்த அண்டை நாட்டுறவும் இதனால் கெட்டுவிடவில்லை.

எங்கள் திருநெல்வேலியைப் போல யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1983 ஜூலை 23ஆம் தேதி இரவு 13 ராணுவ வீரர்கள் கொல்லப்பட்டதும், அதைச் சாக்காக வைத்துக் கொழும்பில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததும் அந்தத் திருநெல்வேலியிலிருந்து தொடங்கியவை. அதன்பின் வள்ளல் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தார். 1987 ஜூன் 4ஆம் தேதி, சரக்கு விமானங்கள் ஐந்தும் துணைக்குப் போர் விமானங்களுமாகப் போய் யாழ்ப்பாணத்தின் மேல் உணவு மூட்டைகளைப் போட்டன. கொழும்பில் இன்னும் அதைப் ‘பருப்பு’ என்று சொல்லித்தான் சிரிக்கிறார்கள். அடுத்த மாதமே இந்திய-இலங்கை ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட மறுநாள், ஜூலை 30, அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டு நடந்த ராஜீவ் காந்தியின் தோளில் ஒரு சிங்களக் கடற்படை வீரன் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். நண்பனின் தோளில் தட்டுவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். வேகம்தான் கொஞ்சம் கூடிவிட்டது.

அக்டோபரில், ஒப்பந்தத்தின் பேரில் போன இந்தியப் படையைக் கொண்டு, தாம் ஆயுதம் கொடுத்தவர்களிடமிருந்து அதைத் திரும்ப வாங்குகிற திருப்பணி தொடங்கியது. 11ஆம் தேதி நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் 29 பேர் விடியும் முன்னும் விடிந்தும் செத்துப்போனார்கள். பல்கலைக்கழகம் இருப்பது அந்தத் திருநெல்வேலியில்தான். பத்து நாள் கழித்து, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்தியப் படையின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் செத்தார்கள். அந்தப் படைக்கு அமைதிப்படை என்று பெயர் வைத்தவரின் தொலைநோக்கைத்தான் மெச்ச வேண்டும். ஆஸ்பத்திரி அதன்பின் வெகுநேரம் அமைதியாகத்தான் இருந்தது.

ஆனாலும் அந்தப் படை ஒரு சாதனையைச் செய்தது. சிங்களவரையும் தமிழரையும் ஒன்று சேர்க்க எத்தனையோ பேர் முயன்று தோற்றிருந்தார்கள். இந்தியா சேர்த்துவைத்தது. அமைதிப்படை வெளியேற வேண்டும் என்பதில் ஜனாதிபதி பிரேமதாசாவும் விடுதலைப் புலிகளும் 1989இல் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருமனப்பட்டார்கள். பிரேமதாசாவின் அரசு புலிகளுக்கு ஆயுதமே கொடுத்தது. தெற்கே ஜே.வி.பி., இந்தியப் பருப்பையும் பம்பாய் வெங்காயத்தையும் விற்கக் கூடாது என்று கடைக்காரர்களை மிரட்டிக்கொண்டிருந்தது. வடக்கோ, தெற்கோ, மலையோ, யாருக்கும் பாரபட்சமில்லாமல் ஒரே பெயரை எடுத்த நாடு என்று சொன்னால் மிகையில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களை அங்கே பறிகொடுத்துவிட்டு 1990 மார்ச்சில் மிச்சப் படை சென்னையில் வந்திறங்கியபோது, அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. கரைக்கு இந்தப் பக்கமும் பெயர் ஒன்றுதான் என்பதற்கு அது அத்தாட்சி.

ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலின் புகை அடங்குமுன், இலங்கையைப் பாராட்டும் தீர்மானத்துக்கு ஆதரவு. 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களுக்கு ஆதரவு. 2014, 2021, 2022இல் யாருக்கும் இல்லை. ஒரு நாட்டின் நிலைப்பாடு என்ன என்று உலகத்தை இத்தனை வருஷம் ஊகிக்கவிடுவதற்கும் ஒரு பெருமிதம் வேண்டும்.

2022இல் இலங்கை திவாலானபோது சுமார் 400 கோடி டாலர் உதவி போனது. தமிழ்நாடும் தன் பங்குக்கு அரிசி, பால்பவுடர், மருந்து அனுப்பியது. உதவி போய்ச் சேர்ந்த அதே ஆண்டு ஆகஸ்டில், இந்தியாவின் ஆட்சேபத்தைக் கேட்டுக்கொண்டே, சீனாவின் யுவான் வாங் 5 கப்பலை அம்பாந்தோட்டையில் கட்டிக்கொள்ள அனுமதித்தார்கள். வானத்தையும் ஏவுகணைகளையும் கண்காணிக்கிற கப்பல். கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் எங்கள் மாவட்டத்தில் இருப்பதால், விருந்தாளி வந்ததில் எங்களுக்குத் தனிச் சந்தோஷம்.

கப்பல் என்றதும் வ.உ.சி. ஞாபகம் வருகிறது. அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த தூத்துக்குடியில் வக்கீல் தொழில் பார்த்தவர், 1906இல் சுதேசிக் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கிக் கொழும்புக்கு ஓட்டினார். பிறகு கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 2011 ஜூனில் வல்லரசாகிக்கொண்டிருந்த ஒரு நாடு அதே தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டது. நவம்பரோடு நின்றுபோயிற்று. ஒரு வக்கீலின் சாதனையை முறியடித்து அவர் மனதைப் புண்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் பலன் கிடைக்காமல் போகவில்லை. விஸ்தரிப்புவாத வகுப்பு நடத்திய அதே ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகி, 2025 ஏப்ரலில் நம் பிரதமருக்கு இலங்கையின் ‘மித்ர விபூஷண’ விருதை அணிவித்தார். நண்பன் என்று பட்டயமே ஆகிவிட்டது.

பரிசில் தருவதை வள்ளல் தாமதித்தால் நினைவூட்டுவதற்கும் நம் மரபில் இடமுண்டு. அந்த உரிமையில் ஒரு விண்ணப்பம். எண்பதுகளிலும் அதன் பிறகும் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களும், அவர்கள் இங்கே பெற்ற பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் எங்கள் மாவட்டத்துப் பெருமாள்புரத்திலும் கோபாலசமுத்திரத்திலும் முகாமில் இருக்கிறார்கள். 2021இல் அகதிகள் முகாம் மறுவாழ்வு முகாம் ஆனது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் வரை கை நீட்டியது. தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர் அதற்கு எட்டவில்லை. 2025 செப்டம்பரில் ஒரு ஆணை வந்தது: 2015 ஜனவரி 9ஆம் தேதிவரை வந்து பதிந்துகொண்டவர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்காகத் தண்டனை கிடையாது. கோபாலசமுத்திரத்தில் பிறந்து தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பையன் இனி ஜெயிலுக்குப் போக வேண்டாம். வேறு நாட்டில் இவ்வளவு பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது.

அவனுக்கு வேண்டியது தீவோ, 400 கோடி டாலரோ, விமானத்திலிருந்து பருப்போ இல்லை. குடிமகன் என்று ஒரு காகிதம். அதில் சட்டச் சிக்கல் உண்டென்றால் சுலபமான வழி இருக்கிறது: சேரன்மகாதேவிச் சாலையில் ஒரு எல்லைக்கல் நட்டு, கோபாலசமுத்திரத்தை அண்டை நாடு என்று அறிவித்துவிடுங்கள். அதன் பிறகு எங்களுக்குக் கவலையில்லை; நீங்களே அள்ளிக் கொடுப்பீர்கள்.