வாத்தியாருக்கு எங்கே போவது?

கேள்வி: வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் கல்வித் தரம் தானாக உயர்ந்துவிடாதா?

பதில்: உயரும், கூடுதல் வகுப்புக்கு நல்ல வாத்தியார் கிடைத்தால்! 1996-ல் கலிஃபோர்னியா அரசின் கையில் வரிப்பணம் புரண்டது. மூன்றாம் வகுப்பு வரை, சுமார் 30 பிள்ளைகள் இருந்த வகுப்பை 20 ஆக்கும் பள்ளிகளுக்கு, தலைக்கு இவ்வளவு என்று டாலரை அள்ளிக் கொடுத்தது. மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் ஆள் வேட்டை. வசதியான புறநகர்ப் பள்ளிகளில் இடம் காலியானதும், ஏழைப் பகுதிகளிலிருந்த அனுபவசாலிகள் பலர் மூட்டை கட்டினார்கள். (குற்றம் சொல்ல முடியுமா? யாராக இருந்தாலும் போவார்கள்.) ஏழைப் பிள்ளைகளுக்கு வாய்த்ததென்னவோ, முழுப் பயிற்சி பெறாத அவசர நியமன வாத்தியார்கள்! அந்தப் பணத்தில் ஒரு பங்கை, ஏழைப் பகுதியிலேயே தங்கும் ஆசிரியர்களின் சம்பளத்தில் முதலில் சேர்த்திருக்க வேண்டும்.