தவறாத போப்பின் பாவங்கள்

கேள்வி: போப்பாண்டவர் தவறே செய்ய மாட்டார் என்கிறார்கள். அப்புறம் அவருக்கு எதற்குப் பாவசங்கீர்த்தனம்?

பதில்: திருச்சபை அப்படிச் சொல்லவே இல்லையே! 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் அறிவித்த ‘வழுவா வரம்’ ஆளுக்கல்ல, போதனைக்கு. அதுவும் விசுவாசம், ஒழுக்கம் பற்றித் திருச்சபை முழுமைக்கும் அறுதியிட்டுச் சொல்லும்போது மட்டும். அதன்பின் அதை வெளிப்படையாகப் பயன்படுத்தியது ஒரே முறை: 1950இல், மாதாவின் விண்ணேற்பை அறிவித்தபோது. கல்யாணப் பட்டு மாதிரி பெட்டியிலேயே இருக்கிறது.

மற்றபடி, போப்பும் ஆதாமின் பேரப்பிள்ளைதான். ஞானஸ்நானம் ஜென்மப் பாவத்தைக் கழுவும், சபலத்தைக் கழுவாது என்பது பழைய போதனை. பதினைந்து நாளுக்கொரு முறை பாவசங்கீர்த்தனம் செய்வதாக போப் பிரான்சிஸே சொன்னார். 2014 மார்ச்சில் புனித பேதுரு பேராலயத்தில், பிறர் பாவங்களைக் கேட்க அவருக்கென ஒதுக்கிய இடத்தை உதவியாளர் காட்ட, அவரோ நேரே இன்னொரு குருவிடம் போய், கேமராக்கள் பார்க்க மண்டியிட்டுவிட்டார். (உதவியாளர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!)

என்ன பாவம் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் குரு வாய் திறந்தால் சபைநீக்கம். பாவம் போப்புடையதானாலும் சரி, உங்களுடையதானாலும் சரி.