நாவலுக்கு ரயில் டிக்கெட்

கேள்வி: யூதக் குடும்பம் ஒன்றின் துயரத்தை வைத்துச் சரித்திர நாவல் எழுத ஆசை. ஜெர்மனிக்குப் போய் வந்தால்தான் முடியுமா?
– உப்பள வாசகர், ஆறுமுகநேரி

பதில்: பாஸ்போர்ட் எதற்கு? திருநெல்வேலி போய்ப் பாலருவி எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள், கொச்சி வந்துவிடும். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி யூத ஜெபக்கூடம். உள்ளே கையால் வரைந்த நீலச் சீன ஓடுகள். ஆனால் ஒரு காலத்தில், அடிமை வம்சம் என்று ஒதுக்கப்பட்ட யூதர்களுக்கு முன்னறைத் தரைதான். செத்தாலும் தனி இடம்! (நம்மூர் ஞாபகம் வருகிறதா?) அவர்களில் ஒருவரான, சென்னையில் சட்டம் படித்த ஏ.பி.சேலம் இதை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்து, 'யூத காந்தி' எனப் பெயர் வாங்கினார். 1950-ல் அவர் மகன், ஒதுக்கிவைத்த தரப்பான 'வெள்ளை' யூதர்களில் ஒரு பெண்ணை மணந்தபோது, யூதத் தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சனிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், ஜெபக்கூடம் பூட்டியிருக்கும்.