சேவ் பண்ணினது எங்கே போச்சு, மாமா?

புளியங்குடியில் எலுமிச்சை இன்று என்ன விலை என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் முதல் பரோட்டா மாஸ்டர் வரை சொல்வார்கள். ஏலத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு விலையாகவே சொல்வார்கள். ஆனால் "பட்டனை அமுக்கினா ஸ்கிரீன் வெளுத்துப் போகுது, என்ன செய்ய?" என்று கேட்டால் எல்லாரும் கை காட்டுவது என் வீட்டை. இதற்காக நான் பெரிய படிப்பெல்லாம் படிக்கவில்லை. தென்காசி தனி மாவட்டமாக ஆவதற்கு வெகுகாலம் முன்பு, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விஷுவல் பேசிக் ஆறாம் பதிப்பைக் கற்றுக்கொண்டு, சென்னைக்குப் பஸ் ஏறாமல் இருந்துவிட்டேன். அவ்வளவுதான் தகுதி. மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்பை வெளியிட்டது 1998-இல். அதில் எழுதுகிற கருவிக்கான ஆதரவை 2008-இல் அடியோடு நிறுத்திவிட்டது. அந்தச் செய்தி எங்கள் பஜாரில் சில கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அங்கே என் பில் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னிடம் வருகிற புதுக்கை புரோகிராமர்களுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. எரர் வந்தது என்பார்கள். என்ன எரர் என்று சொல்ல மாட்டார்கள்.

"சிவப்பா ஒன்னு வருதுண்ணே."

"சிவப்பா என்ன எழுதியிருக்கு?"

"இங்கிலீஷ்ல என்னமோ."

போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள். மேசை, டீ டம்ளர், சுவரில் தொங்கும் நகைக்கடை காலண்டர் எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கும். வேண்டிய அந்த ஒரு வரியின் மேல் மட்டும் ட்யூப்லைட் வெளிச்சம் அடித்திருக்கும். நான்கு வருடம் இன்ஜினியரிங்கை இங்கிலீஷிலேயே படித்துத் தேறிய பிள்ளைகள்தான். ஆனால் கம்ப்யூட்டர் வாய் திறந்து எதையாவது சொன்னால், காது கொடுக்காமல் அதை மூடுகிற பட்டனைத் தேடுவார்கள்.

படித்துப் பார்த்தால் பாதி நேரம் அது 'ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட்' என்று தொடங்குகிற வாக்கியமாக இருக்கும். நீ பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆசாமி இன்னும் பிறக்கவே இல்லை என்பது அதன் சாரம். இந்த வெற்றுப் பெயர் ஏற்பாட்டை 1965-இல் அல்கால் டபிள்யூ என்ற மொழிக்காகக் கொண்டுவந்தவர் கணினி விஞ்ஞானி டோனி ஹோர். செய்வது சுலபமாக இருந்தது, செய்துவிட்டேன் என்றவர், 2009-இல் லண்டனில் மேடையேறி, அது தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தூக்கம் கெட்டதற்கான தொகையும் அதில் அடக்கமா என்று அவர் விளக்கவில்லை. சந்தேகப்படுகிற வரியில் எஃப்9 தட்டி நிறுத்தக்குறி வைத்து, எஃப்5 போட்டு ஓடவிட்டு, எஃப்10-ஐத் தட்டித் தட்டி ஒவ்வொரு வரியாக நடந்து போனால், பிறக்காத ஆசாமி யார் என்று தெரிந்துவிடும். இதைச் சொன்னால், "எனக்கு அவ்வளவு நேரமில்ல" என்பார்கள். பிறகு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கூட்டத்தின் தலைமகன் என் அக்கா மகன். 2011-இல் தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி வந்தாலும் வந்தது, எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்னால் மத்தளம்பாறையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை கை சும்மா இருக்க வேண்டாமே என்று, எலுமிச்சைக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்கு பில் சாஃப்ட்வேர் எழுதித் தருவதாக மருமகன் ஒப்புக்கொண்டான். ஆன்லைனில் வேண்டாம் என்பதில் அண்ணாச்சி உறுதியாக இருந்தார். "நெட்டு போனா ஏலம் நிக்குமாடே? என் கணக்கு என் கல்லாப்பெட்டி பக்கத்துலதான் கெடக்கணும்." ஆக, டெஸ்க்டாப். சி ஷார்ப், பின்னால் ஓர் அக்ஸஸ் டேட்டாபேஸ்.

முதல் வாரமே வீட்டில் மர்மம் ஆரம்பித்தது.

"மாமா, விவசாயி பேரு, எடை, ரேட்டு எல்லாம் போட்டு சேவ் குடுத்தா, சேவ் ஆச்சுன்னு அதுவே சொல்லுது. கோட்ல ஏதாவது மாத்திட்டு மறுபடி ஓட்டினா ஒன்னுமே இல்ல. சேவ் பண்ணினது எங்கே போச்சு, மாமா?"

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அக்கா முடிவு கட்டினாள். ஊரில் எலுமிச்சைக்கா பஞ்சம்? மிளகாயோடு கோத்துக் கொண்டுவந்தாள். லேப்டாப்பில் கட்ட இடமில்லாததால் மேசைக் காலில் கட்டினாள்.

கண்ணேறு அல்ல, காப்பி ஆல்வேஸ். டெஸ்க்டாப் புரோகிராம் எழுத வருகிற பாதிப்பேர் இந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்கள்தான். நாம் உருவாக்கிய வெறும் டேட்டாபேஸ் புராஜெக்ட் ஃபோல்டரில் இருக்கும். புரோகிராமைத் தயாரித்து ஓடவிடும்போது, எழுதுகிற கருவியான விஷுவல் ஸ்டுடியோ அதன் நகல் ஒன்றை 'பின்' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் 'டீபக்' ஃபோல்டரில் போடும். நாம் சேமிப்பதெல்லாம் அந்த நகலில்தான் போய்ச் சேரும். அந்த ஃபைலின் குணத்தில் 'காப்பி ஆல்வேஸ்' என்றிருந்தால், அடுத்த முறை தயாரிக்கும்போது வெறும் மூலத்தைத் தூக்கி நேற்றைய நகலின் தலையில் வைத்து அழுத்திவிடும். சேவ் ஆனது நிஜம். சேவ் ஆன இடத்தையே இடித்துக் கட்டியதும் நிஜம். 'காப்பி இஃப் நியூவர்' என்று மாற்றினால் மூலத்தைத் தொடாதவரை தப்பிக்கலாம். நான் மருமகனிடம் டேட்டாபேஸை புராஜெக்டுக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டேன். அக்கா இன்றுவரை எலுமிச்சம்பழத்துக்குத்தான் நன்றி சொல்கிறாள்.

அந்தப் பழத்துக்கு வேறொரு வேலையும் கொடுத்தேன். 1999-இல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் எழுதிய 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' நூலில் ஒரு ரப்பர் வாத்து வருகிறது. கோடில் எங்கேயோ தப்பு, எங்கே என்று தெரியவில்லை என்றால், வாத்தை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வாய்விட்டு அதற்கு விளக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் தப்பு தானே தெரியும் என்பது உத்தி. புளியங்குடியில் ரப்பர் வாத்துக்கு எங்கே போவது? மேசையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, "இதுகிட்ட சொல்லிட்டு, பிறகு என்கிட்ட வா" என்றேன். ராத்திரியில் பிள்ளை எலுமிச்சம்பழத்தோடு தனியாகப் பேசுவதைப் பார்த்த அக்கா, மத்தளம்பாறையை விட்டுவிட்டு மந்திரவாதியை விசாரிக்க ஆரம்பித்தாள். உத்தி என்னவோ பலித்தது. என் வீட்டுக்கு அவன் வருவது பாதியாகக் குறைந்தது.

வீட்டில் எல்லாம் சரியாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? அவனுடைய சோதனை விவசாயிகள் அத்தனை பேருக்கும் பெயர் 'ஏஎஸ்டிஎஃப்'. எல்லாரும் சரியாகப் பத்துக் கிலோ கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் கிலோ பத்து ரூபாய். அப்படியொரு ஒழுக்கமான மண்டி பூமியில் எங்கேயும் கிடையாது.

நிஜ மண்டியில் கொண்டுபோய் வைத்த அன்று புரோகிராம் திறக்கவே இல்லை. அக்ஸஸ் ஃபைலைப் படிக்கிற ஏஸ் என்ஜின் அண்ணாச்சியின் பழைய கம்ப்யூட்டரில் கிடையாது. மருமகன் லேப்டாப்பில் ஆஃபீஸோடு சேர்ந்து எப்போதோ வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் போட்டால், 32 பிட்டா 64 பிட்டா என்று அடுத்த பஞ்சாயத்து. புரோகிராம் எந்தக் கணக்கோ, என்ஜினும் அதே கணக்கில் இருந்தாக வேண்டும். ஒன்று மாறினாலும் 'பதிவு செய்யப்படவில்லை' என்ற அதே பல்லவிதான். அதையும் சரிசெய்தால், டேட்டாபேஸைக் காணோம் என்றது. சி டிரைவ், யூசர்ஸ், அதன்கீழ் மருமகனின் பெயர் என்று முழு விலாசத்தையும் கோடுக்குள் செதுக்கி வைத்திருந்தான். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "என் கம்ப்யூட்டர்ல உன் பேரை எதுக்குடே தேடுது?" என்றார். நியாயமான கேள்வி. விலாசத்தை வெளியே ஒரு செட்டிங் ஃபைலில் வைத்தோம். அப்புறம் பார்த்தால் சேவ் பட்டன் இல்லை. அகலமான லேப்டாப் திரையில் வரைந்த ஃபாரம், மண்டியின் பழைய சதுர மானிட்டரில் பாதிதான் தெரிந்தது. பட்டன் ஊர் எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. ஆங்கர், டாக் என்று இரண்டு குணங்களை அமைத்துவிட்டால் பட்டன்கள் ஃபாரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். ஃபாரத்தை இழுத்துச் சுருக்கிப் பார்க்கிறவர்களுக்குத்தான் இது தெரியும். வரைகிறவர்கள் யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை.

அப்புறம்தான் அந்த வெளுக்கிற ஸ்கிரீன். மாதக் கணக்கு எடுக்கிற பட்டனை அமுக்கினால் ஜன்னல் உறைந்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பான்டிங்' என்று வரும். மண்டிக்கு ஒரே ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார் என்று வையுங்கள். போன் எடுப்பவரும் அவரே, வாசலில் நிற்பவருக்குப் பதில் சொல்பவரும் அவரே. அவரைப் போய்க் கடையநல்லூர் வரை ஒரு ஜோலிக்கு அனுப்பிவிட்டால், வருகிறவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, கடையில் ஆளே இல்லை என்று சொல்லிவிடுவான். விண்டோஸ் ஐந்து வினாடி கூப்பிட்டுப் பார்க்கும். பதில் இல்லையென்றால் ஜன்னலை வெளுக்க வைத்துவிடும். புரோகிராம் சாகவில்லை, கடையநல்லூரில் இருக்கிறது. நீண்ட வேலைக்கு வேறு ஒரு பையனை, அதாவது தனி திரெட்டை, அனுப்ப வேண்டும். ஆனால் அந்தப் பையன் திரும்பி வந்து தானே பேரேட்டில் எழுதக் கூடாது. கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அவர்தான் எழுத வேண்டும். மீறி எழுதினால் 'கிராஸ் திரெட்' என்று ஒரு எரர் குதிக்கும். 2012-இல் சி ஷார்ப்பில் அசிங்க், அவெய்ட் என்று இரண்டு சொற்கள் வந்த பிறகு இந்த வேலை ரொம்பச் சுலபம். மருமகன் பார்த்த வீடியோ அதற்கு முந்தியது.

உறைந்த ஸ்கிரீனை அண்ணாச்சி வேறு விதமாக எதிர்கொண்டார். காது கேட்கவில்லையோ என்று இன்னும் இரண்டு தடவை பலமாக அமுக்கினார். ஸ்கிரீன் விழித்துக்கொண்டபோது ஒரே மாதக் கணக்கு மூன்று தடவை வெளியே வந்தது. பயனாளர் தப்பாகப் பயன்படுத்துகிறார் என்று மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எனக்கு அந்த வாதம் எப்போதுமே பிடிக்காது. மனுஷன் பட்டனை அமுக்கினார். பட்டன் இருப்பது எதற்கு? முதல் அமுக்கிலேயே பட்டனைச் செயலிழக்கச் செய்ய ஒரு வரி போதும்.

அன்றன்றைய மொத்தத்தில் வால் முளைத்தது அடுத்த வாரம். டபுள் என்ற எண்வகையில் 0.1-ஐ உள்ளபடி வைக்க முடியாது. பைனரியில் அது முடிவில்லாமல் நீளும், எங்கேயாவது வெட்டித்தான் வைக்கும். ஒன்றிரண்டு பில் கூட்டும்வரை தெரியாது. நாள் முழுக்கக் கூட்டினால் வெட்டிய துணுக்குகள் சேர்ந்து வெளியே வரும். புள்ளிக்குப் பின்னால் வரிசையாக ஒன்பது நின்றதைப் பார்த்த அண்ணாச்சி, "இத்தனை ஒம்பதுக்கும் சில்லறைக்கு நான் எங்க போவேன்?" என்றார். ரூபாய்க் கணக்கு என்றால் டெசிமல், வேறு பேச்சே கிடையாது. தேதியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கம்ப்யூட்டரில் அமெரிக்க முறை, மாதம் முன்னால். பன்னிரண்டாம் தேதி வரை சத்தமில்லாமல் தப்பாகப் பதிந்தது. பதின்மூன்றாம் தேதி, பதின்மூன்றாவது மாதம் எங்கே என்று கேட்டு நின்றது. பதின்மூன்று கெட்ட எண் என்கிறவர்கள் புரோகிராம் எழுதியதில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடித்தது கேரளத்து வியாபாரி. எங்கள் எலுமிச்சை செங்கோட்டை தாண்டிப் போவது புதிதல்ல. ஆனால் அந்த ஆளின் கடைப்பெயரில் மட்டும், ஆங்கிலத்தில் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள்குறி. பெயரை அப்படியே எஸ்க்யூஎல் வாக்கியத்தில் ஒட்டினால், பெயர் அந்தக் குறியோடு முடிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் நினைத்துக்கொள்ளும். மிச்ச எழுத்தைக் கண்டு முழித்து, பதியாமல் விட்டுவிடும். முழித்த சத்தமாவது வெளியே கேட்டிருக்க வேண்டும் அல்லவா? கேட்கவில்லை. சிவப்பாக எதுவும் வரக் கூடாது என்று மருமகன் எல்லா வரிகளையும் டிரை, காட்ச் என்று மூட்டை கட்டி, காட்ச் உள்ளே ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தான். என் காலத்தில் இதற்கு 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று பெயர்: நடந்தது நடந்துபோச்சு, அடுத்த வரிக்குப் போ. பில் அச்சாகும், சரக்கு லாரி ஏறும், கணக்கில் மட்டும் அந்த வியாபாரி இந்தப் பக்கம் வந்ததே கிடையாது.

கண்டுபிடித்தவர் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் நோட்டில் எழுதுவதை நிறுத்தியிருக்கவில்லை. "ஒன்னை நம்பாம இல்லடே. நோட்டை நம்புதேன்." பெயரை வாக்கியத்தில் ஒட்டாமல் பராமீட்டராகத் தனியே கொடுத்ததும் மேற்கோள்குறி அடங்கியது. காட்ச் உள்ளே, நடந்ததை ஒரு ஃபைலில் எழுதிவை என்று சொல்லி, முன்னால் உட்கார்ந்து எழுதவும் வைத்தேன்.

இப்போது சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறது. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதை பில்லின் தலையில் போட வேண்டும் என்றார் அண்ணாச்சி. போட்டோம், வரி காகிதத்தை விட்டு வெளியே ஓடியது, பிடித்து உள்ளே இழுத்தோம். ஒன்றை மட்டும் மருமகனும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. புது ஃபாரத்துக்கு விஷுவல் ஸ்டுடியோ தானாக வைக்கிற பெயர் ஜன்னலின் உச்சியில் அப்படியே நிற்கிறது. மண்டியில் எல்லாரும் அதுதான் சாஃப்ட்வேரின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் பக்கத்துக் கடைக்காரர் வீடு தேடி வந்தார்.

"தம்பி, நம்ம கடைக்கும் அந்த ஃபாரம் ஒன்னு போட்டுத் தாங்களேன். இல்ல, ஃபாரம் ரெண்டு வரப்போகுதுன்னா சொல்லுங்க, கொஞ்சம் பொறுத்தே வாங்கிக்கிடுதேன்."